எலும்பு தாங்கட்டும்

2024 பாரிஸ் ஒலிம்பிக், பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்று. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 60 குண்டுகளில் 630.7 புள்ளி எடுத்துப் பத்தாவதாக வந்தார். எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்றில் இடம். அவரோடு இந்தியாவுக்காகச் சுட்ட ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக உள்ளே போனார். இருவருக்கும் நடுவே 0.8 புள்ளி.

இந்த 0.8-ஐ 60 குண்டுகளுக்கும் பங்கு போட்டுப் பார்க்கலாம். ஏர் ரைபிள் இலக்கில் மையத்தை விட்டுக் கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 புள்ளி போகும். அந்தக் கணக்கில் ஒரு குண்டுக்கு விழும் வித்தியாசம் 0.03 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. ஒரு தலைமுடியின் பருமனில் பாதிதான் இருக்கும்.

இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்குக் குழலைக் குறை சொல்ல வழியில்லை. நல்ல போட்டி ரைபிளைப் பிடிச்சட்டத்தில் இறுக்கிச் சுட்டால் குண்டுகள் ஏறக்குறைய ஒரே துளைக்குள் போய் விழும். மனிதர் ஒருவர் அதைக் கையில் எடுத்த பிறகுதான் துளைகள் சிதறத் தொடங்குகின்றன. ஆகவே நாம் பார்க்க வேண்டியது இரும்பும் உடம்பும் தொட்டுக்கொள்ளும் இடத்தை. அதுதான் ஸ்டாக், தோளில் தொடங்கி முன்கை வரை நீளும் கட்டை. இன்றைய போட்டிகளில் அது பெரும்பாலும் மரக்கட்டையாகவே இல்லை. திருகுகளும் தண்டுகளும் அளவுக்கோடுகளும் நிறைந்த அலுமினியச் சட்டமாகிவிட்டது. எந்த ஸ்டாக் நல்லது, எது உடம்புக்கு இதமாக இருக்கிறது என்ற விவாதம் பயிற்சிக்கூடங்களில் ஓய்வதே இல்லை. அது கம்பெனிப் பெயர்களோடு நின்றுவிடுகிறதே என்பது என் வருத்தம். உடம்பிலிருந்து தொடங்கினால்தான் அந்தக் கேள்விக்கு விடை உண்டு.

நின்று சுடும் வலக்கைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ரைபிள் அவரை நான்கு இடங்களில் தொடுகிறது. வலத் தோள், வலக் கன்னம், பிடியைப் பற்றிய வலக்கை, அடியில் தாங்கும் இடக்கை. விதிப்படி ஏர் ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும். முன்னோட்டக் குண்டுகளையும், குறி சரியாக அமையாமல் பாதியில் இறக்கிவைப்பதையும் சேர்த்தால் அந்த எடை எழுபது எண்பது தடவையாவது ஏறி இறங்கும்.

இதைத் தசையால் தாங்க முயல்பவருக்கு அறிவியல் துணை நிற்காது. உயிருள்ள தசை ஒருபோதும் அசைவற்று இருப்பதில்லை. எந்த நோயும் இல்லாத கையை நீட்டிப் பிடித்தாலும் நொடிக்கு 8 முதல் 12 முறை மெல்லிய நடுக்கம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். தசை களைக்கக் களைக்க அந்த நடுக்கம் பெரிதாகும். ஒரு தசையின் முழு வலிமையில் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழான சுமையை வெகுநேரம் களைப்பின்றித் தாங்கலாம் என்பது 1960-இல் ஜெர்மானிய ஆய்வாளர் வால்டர் ரோமெர்ட் வரைந்த புகழ்பெற்ற வளைகோட்டின் செய்தி. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையையும் குறைத்துவிட்டன. சுமை சிறியதாக இருந்தாலும் இடைவிடாமல் நீடித்தால் தசை சோர்ந்துதான் போகிறது.

எனவே தேர்ந்த வீரர்கள் எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். இடுப்பை இலக்கின் பக்கம் தள்ளி, மேலுடலைப் பின்னுக்குச் சாய்த்து, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேட்டில் ஊன்றுகிறார்கள். முன்கை செங்குத்தாக நிற்கும். அதன் உச்சியில் ரைபிள் உட்காரும். எடை உள்ளங்கையிலிருந்து முன்கை எலும்பு, முழங்கை, இடுப்பு, இடது கால் என்று நேராகத் தரைக்கு இறங்கிவிடும். தசைகளுக்கு மிச்சமிருப்பது சமநிலையைப் பார்த்துக்கொள்வது மட்டும். இதற்கு விலை கொடுப்பது முதுகு. முதுகெலும்பு பின்னால் வளைந்து, பக்கவாட்டிலும் திருகிய நிலையில் பல மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. 2006-இல் ஜாக்ரெபில் உலகச் சாம்பியனான அபினவ் பிந்த்ராவால் அதே ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதுகுக் காயத்தால் கலந்துகொள்ள முடியவில்லை. பொருந்தாத ஸ்டாக் இந்த வளைவை இன்னும் கூட்டும். ஆகையால் ‘சௌகரியம்’ என்ற சொல்லைச் சொகுசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விளையாட்டு வாழ்க்கை எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

இந்த எலும்புத் தூண் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் அமைவதில்லை. உடல் நீளமாகவும் கை குட்டையாகவும் இருப்பவர் முழங்கையை இடுப்பில் ஊன்றினால் உள்ளங்கை கண்மட்டத்துக்கு வெகு கீழே நின்றுவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஸ்டாக்கின் முன்பகுதிக்கு அடியில் ரைசர் பிளாக் என்ற கட்டையை வைத்து ஏற்றி இறக்குகிறார்கள். அது இல்லாவிட்டால் அவர் முழங்கையை இடுப்பிலிருந்து தூக்கியாக வேண்டும். எலும்பு விலக, தசை வேலைக்கு வரும். அல்லது தலையைக் கவிழ்க்க வேண்டும். கழுத்தில் தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

தலையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நம் சமநிலையைக் காக்கும் உறுப்பு உள்காதில் இருக்கிறது. தலை நிமிர்ந்திருக்கும்போது அது தன் வேலையைச் செம்மையாகச் செய்கிறது. தலை ஒருபக்கம் சாய்ந்தால் உடலின் ஊசலாட்டம் கூடும். கண்ணும் அப்படித்தான். விழி நேர்முன்னே பார்க்கும்போது கண் தசைகள் இளைப்பாறுகின்றன. புருவத்துக்கு அடியில் மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டே குறிவைத்தால் சீக்கிரம் அயர்ந்துவிடும். ஆக, தலை ரைபிளைத் தேடிக் குனியக் கூடாது. ரைபிள்தான் தலையைத் தேடி மேலே வர வேண்டும். இதைச் செய்யும் பாகங்கள் இரண்டு. ஒன்று, தோளில் பதியும் பட் பிளேட். அதைக் கீழே இறக்கினால் ரைபிள் முழுவதும் தோளுக்கு மேலே உயரும், கழுத்து நிமிரும். மற்றது, கன்னம் சாயும் சீக் பீஸ். அது கண்ணைப் பின்குறியின் சிறு துளைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும்.

சீக் பீஸ் தவறினால் என்ன ஆகும்? பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 70 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். கண் தன் இடத்தைவிட்டு நகர்ந்ததால் இரண்டு குறிகளும் 0.1 மில்லிமீட்டர் மட்டும் பிசகி ஒத்துப்போயின. 10 மீட்டரில் அந்தப் பிசகு 1.4 மில்லிமீட்டராக வளர்ந்து நிற்கும். 10.9 ஆக வேண்டிய குண்டு 10.4 ஆகும். சுட்டவருக்கோ எல்லாம் சரியாக இருந்ததாகத்தான் தோன்றும். அவர் கண்ணுக்கு வட்டத்துக்குள் வட்டம் ஒழுங்காகவே தெரிந்தது.

இதற்குள்ள சோதனை மிக எளிது. ஆனால் பலரும் செய்வதில்லை. சுடும்போது போடும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிலைக்கு வாருங்கள். விதி அனுமதிக்கும் அந்த ஜாக்கெட்டின் துணி ஒற்றை அடுக்கில் 2.5 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கலாம். வெறும் சட்டையில் பார்த்த அளவு அதற்குள் செல்லாது. கண்ணை மூடுங்கள். கன்னத்தைச் சாய்த்து, கழுத்தைத் தளர விடுங்கள். இரண்டு மூச்சு கழித்துக் கண்ணைத் திறவுங்கள். முன்குறி பின்துளையின் நடுவில் இருந்தால் சீக் பீஸ் சரி. மேலே தெரிந்தாலும் ஓரத்தில் தெரிந்தாலும் கன்னத்தை நகர்த்தாமல் திருகை நகர்த்த வேண்டும். கண் திறந்திருந்தால் மூளை தானே கழுத்தை அட்ஜஸ்ட் செய்து தவற்றை மறைத்துவிடும் என்பதால்தான் இமையை மூடச் சொல்வது.

ஸ்டாக்கின் நீளத்தை அளக்க ஒரு பழைய முறை இன்னும் உலவுகிறது. ரைபிளின் பின்முனையை முழங்கையின் மடிப்பில் வைத்து, ஆள்காட்டி விரல் ட்ரிகரை எட்டுகிறதா என்று பார்ப்பது. அது அளப்பது முன்கையை மட்டும். கழுத்தின் நீளம், மார்பின் கனம், தோளின் அகலம் எதுவும் அதில் வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிலாந்தின் வேட்டைத் துப்பாக்கிக் கைவினைஞர்கள் இதைவிடக் கவனமாக இருந்தார்கள். மூட்டுகளும் திருகுகளும் வைத்த மாதிரித் துப்பாக்கி ஒன்றை வாடிக்கையாளர் தோளில் வைத்து நீளம், இறக்கம், பக்கச் சாய்வு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, பிறகுதான் வால்நட் மரத்தில் கை வைத்தார்கள். இன்றைய அலுமினிய ஸ்டாக் அந்த மாதிரித் துப்பாக்கியின் நேர் வாரிசு. அன்று அளவெடுக்க மட்டும் பயன்பட்ட கருவியைக் கொண்டு இன்று போட்டியிலேயே சுடுகிறார்கள்.

பெரியவர் சைக்கிளைக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டும் சிறுவன் வண்டியை நகர்த்திவிடுவான். ஆனால் அவன் முதுகு வளைந்த வளைவில்தான் நகர்த்துவான். ஆறடி ஆண் ஒருவருக்குத் திருகி வைத்த கிளப் ரைபிளைத் தூக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணின் நிலை அதுதான். பட் பிளேட் நீண்டிருப்பதால் அவள் பின்னுக்குச் சாய்வாள், முகத்தை முன்னே நீட்டுவாள், வலக்கை பிடியை எட்டிப் பிடிக்கும். குண்டு ஓரளவு நன்றாகவே விழும். குழந்தைகள் எதற்கும் வளைந்து கொடுப்பவர்கள். ஆறு மாதத்தில் அந்த வளைவு பழக்கமாகிவிடும். அதன்பின் சரியான ஸ்டாக்கைக் கொடுத்தாலும் ‘இது சரியாக இல்லை’ என்பாள். பழகிய தவறு உடம்புக்கு இதமாகத் தெரிவதுதான் ஸ்டாக் விஷயத்தில் மிகப் பெரிய பொறி. ஒரே ரைபிளைப் பலர் மாற்றி மாற்றி எடுக்கும் இடங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் இருக்கட்டும். பட் பிளேட் நீளம், உயரம், சீக் பீஸ் எண், ரைசர் பிளாக் உயரம் நான்கையும் குறித்து வைத்து, சுடும் முன் திருப்பி வைக்க ஐந்து நிமிடம் போதும். பயிற்சியாளர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இது ஒன்றைத்தான்.

    

இனி மரமா, அலுமினியமா என்ற பழைய வழக்கு. மரம் கன்னத்துக்கு வெதுவெதுப்பாக இருக்கும், அதிர்வை மென்மையாக்கும், பழகப் பழகக் கைக்கு ஒட்டும். அதன் குறை ஈரம். மரம் இழையின் குறுக்கே ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். டெல்லியின் வறண்ட குளிர்காலத்தில் இறுக்கிய திருகு, கடலோர ஊரின் மழைக்காலத்தில் அதே இறுக்கத்தில் இருக்காது. குழல் அமர்ந்திருக்கும் படுகையின் அழுத்தம் மாறினால் குண்டு விழும் இடமும் நகரும். மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த லேமினேட் மரம் இதை வெகுவாகக் குறைக்கிறது, முற்றிலும் போக்குவதில்லை. அலுமினியத்துக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை. உல்ம் நகரத்து ஆன்ஷூட்ஸும் வால்டரும், நெக்கார் ஆற்றங்கரை ஓபர்ன்டோர்ஃபின் ஃபைன்வெர்க்பாவும் தங்கள் உயர்வகை ரைபிள்களை அலுமினிய ஸ்டாக்கில் தருவதற்கு இது ஒரு காரணம். எல்லாப் பாகமும் எல்லாத் திசையிலும் நகரும் என்பது மற்றொன்று.

அந்த இரண்டாவது காரணத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. நகரக்கூடிய ஒவ்வொரு மூட்டும் தளரக்கூடிய மூட்டு. திசை கூடக் கூட, தவறான இடத்தில் போய் நிற்பதற்கான வழிகளும் பெருகுகின்றன. தொடங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இருப்பவருக்கு நீளம், தோள் உயரம், கன்ன உயரம் மூன்றும் தெளிவான அளவுக்கோட்டோடு நகரும் எளிய லேமினேட் ஸ்டாக்கே மேல் என்பது என் தீர்மானம். அளவுக்கோடு தெளிவாக இல்லாத விலையுயர்ந்த அலுமினியத்தைவிட அது நல்லது. பழைய அளவுக்குத் திரும்பிப் போக முடியாத அட்ஜஸ்ட்மென்ட் எந்தப் பயனும் இல்லாதது.

உடல்வாகு எவ்வளவு வேறுபட்டாலும் உச்சி ஒன்றே என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற பிந்த்ரா மெலிந்த தேகம், 700.5 புள்ளி. 2012 லண்டனில் வெண்கலம் வென்ற, சென்னையில் பிறந்த ககன் நாரங் அகன்ற, கனத்த உடல்வாகு, 701.1 புள்ளி. அதே போட்டி, அதே 10 மீட்டர். ஒருவருடைய ஸ்டாக் அளவு மற்றவருக்குத் துளியும் உதவாது. வெற்றி பெற்றவரின் அளவுகளை நகலெடுக்கும் இளைஞர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, இரண்டு ஸ்டாக்குகளில் எது தனக்குப் பொருந்துகிறது என்று ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வார்? எல்லோரும் செய்வது, இதில் பத்து, அதில் பத்து சுட்டுக் கூட்டுத்தொகையைப் பார்ப்பது. இது ஏன் ஏமாற்றும் என்று பாருங்கள். நல்ல வீரர் ஒருவரின் குண்டுகள் சராசரியைச் சுற்றிக் கால் புள்ளி திட்ட விலக்கத்தில் சிதறுகின்றன என்று கொள்வோம். எதையுமே மாற்றாமல் சுட்டாலும் அவருடைய பத்துக் குண்டுக் கூட்டுத்தொகை சாதாரணமாக 0.8 புள்ளி அளவு மேலும் கீழும் ஆடும். இரண்டு தொகைகளின் வித்தியாசம் ஒரு புள்ளிக்கு மேலும் ஆடும். புதிய ஸ்டாக்கில் ஒரு புள்ளி கூடியது என்று மகிழ்பவர் தற்செயலைப் பார்த்து மகிழ்கிறார்.

அப்படியானால் பாரிஸில் இரண்டு பேரைப் பிரித்த அந்த வித்தியாசத்தை, குண்டுக்கு எழுபத்தைந்தில் ஒரு புள்ளியை, நம்பிக்கையோடு கண்டுபிடிக்க எத்தனை குண்டு வேண்டும்? அதே கால் புள்ளி விலக்கத்தை வைத்துக் கணக்கிட்டால் ஒவ்வொரு ஸ்டாக்கிலும் சுமார் 2800. ஏறக்குறைய 47 முழுப் போட்டிகள். அதற்குள் வீரரே மாறியிருப்பார். உடல், மனம், பயிற்சி எதுவும் பழையபடி இருக்காது.

இந்தக் கணக்குதான் சௌகரியம் பற்றிய என் எண்ணத்தை நிலைப்படுத்தியது. இலக்குத் தாள் உரிய காலத்தில் பதில் தராது. அதனால் அதைவிட விரைவாகப் பேசும் சாட்சிகளை நம்ப வேண்டியிருக்கிறது. குழலில் பொருத்தும் ஒளியுணர்வுக் கருவி ஒன்று. ரஷ்யாவின் ஸ்காட் போன்ற அமைப்புகள் குறி இலக்கின்மேல் நடக்கும் பாதையை வரைந்து காட்டும். ஒரு குண்டு ஒரே எண்ணைத் தர, அந்தப் பாதை நூற்றுக்கணக்கான புள்ளிகளைத் தரும். மற்றொன்று உடம்பு. ஐந்தாவது குண்டில் உடம்பு சொல்வதைக் கேட்டுப் பயனில்லை. ஐம்பதாவதில் கேட்க வேண்டும். தோலில் ஒரே அளவாகப் பரவிய அழுத்தத்தை நரம்புகள் சற்று நேரத்தில் மறந்துவிடும். ஓரம் குத்தும் அழுத்தம் போகப்போக வலியாகும். எனவே முதலில் மென்மையாகத் தோன்றிய சீக் பீஸ் ஒரு மணி நேரத்தில் தாடையை உறுத்தலாம். முதலில் கெட்டியாகத் தோன்றியது காணாமலே போகலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகை மட்டும் மாற்றி, குறைந்தது ஒரு வாரமாவது அதோடு இருந்து, பயிற்சி முடிந்த உடனே கழுத்து, வலத் தோள், கீழ்முதுகு மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுதி வையுங்கள். இரண்டு திருகுகளை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்பது கடைசிவரை தெரியாது.

50 மீட்டர் மூன்று நிலைப் போட்டிக்கு வந்தால் இந்தப் பிரச்சினை மும்மடங்காகும். மண்டியிட்டு, படுத்து, நின்று என ஒரே ரைபிளோடு ஒருவரே மூன்று உடல்களாகிறார். படுத்திருக்கும்போது தலை முன்னே சரியும். தோளும் முன்னே வரும். பட் பிளேட்டும் சீக் பீஸும் அதற்கேற்ப இடம் மாற வேண்டும். இடக்கையை ரைபிளோடு பிணைக்கும் தோல்பட்டை மேற்கையை இறுக்குவதால் நாடித் துடிப்பு குறியில் தெரியும். கை நிற்கும் தடுப்பைச் சிறிது நகர்த்தினாலே அந்தத் துடிப்பு கூடும் அல்லது அடங்கும். நிற்கும்போது எல்லாம் திரும்பவும் வேறு. பட் பிளேட்டில் கொக்கி வைத்துக்கொள்ள இங்கே அனுமதி உண்டு. ஏர் ரைபிளில் கிடையாது. 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸில் 451.4 புள்ளியோடு வெண்கலம் வென்ற கோலாப்பூர் மாவட்டத்து ஸ்வப்னில் குசாலே உட்பட இறுதிச் சுற்றின் எட்டுப் பேரும், நிலைக்கு நிலை கிடைத்த சில நிமிடங்களுக்குள் ரைபிளை மறு உருவம் எடுக்க வைத்தார்கள். அங்கே எண்ணைப் பார்த்து வைக்க முடிகிற அளவுக்கோடு எவ்வளவு அரியது என்பது விளங்கும்.

எலும்பு தாங்கட்டும் என்ற விதியையே கைவிட வேண்டிய உடல்களும் உண்டு. பாராலிம்பிக்கில் எஸ்எச்2 என்ற பிரிவு, கைகளால் ரைபிளின் எடையைத் தாங்க முடியாதவர்களுக்கானது. அவர்கள் ரைபிளை ஒரு தாங்கியின் மேல் வைத்துச் சுடுகிறார்கள். அந்தத் தாங்கியின் தலையில் ஒரு சுருள்வில் இருக்கிறது. ரைபிள் அதன்மேல் மிதப்பதுபோல் நிற்கும். எடையை அது வாங்கிக்கொள்ளும், ஆனால் குறியை நிலைநிறுத்தித் தராது. இடுப்பெலும்பு, முன்கை, ரைசர் பிளாக் என்று நாம் இவ்வளவு நேரம் பேசியவற்றின் வேலையை ஒரு கம்பிச்சுருள் ஏற்றுக்கொண்டது. எனினும் அந்த வீரரும் சீக் பீஸை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்துகிறார். கண்ணை மூடித் திறந்து பார்க்கிறார். துளையின் நடுவில் முன்குறி நிற்கும் வரை விடுவதில்லை.